படுவான்கரை வெள்ளக் கணக்கைத் தாமதப்படுத்திய சார்பு

2024 நவம்பர் இறுதியில் இலங்கையின் கிழக்கில் பெய்த பெருமழையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் மூழ்கியபோது, பெரும்போக விதைப்பு முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இளம் பயிர் எத்தனை நாள் தண்ணீருக்குள் நின்றது, வயலின் எந்தப் பகுதி மூழ்கியது, தண்ணீர் வடிவதற்கு வாய்க்கால் எவ்வளவு அருகில் இருந்தது என்பவற்றைப் பொறுத்தே அந்தப் போகம் தேறுமா அழியுமா என்பது தீர்மானமாகும். நான் அப்போது மட்டக்களப்பில் ஒரு சிறிய திட்டத்தில் புவியியல் தகவல் முறைமைப் பணியைக் கவனித்து வந்தேன். சுமார் 14,000 வயல் துண்டுகளின் எல்லைகளைச் செய்மதிப் படத்திலிருந்து பெற்ற வெள்ள எல்லையுடன் பொருத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாதிப்புத் தரம் இட்டு, அந்தப் பட்டியலைக் கண்டம் கண்டமாக, அதாவது வயல் தொகுதி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கண்டத்தின் விவசாய, நீர்ப்பாசன விடயங்களைப் பார்க்கும் வட்டவிதானைகளின் கையில் சரிபார்க்கக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கணக்கை ஓர் இரவு தொடங்கினேன். மறுநாள் காலையிலும் அது முடியவில்லை. நண்பகலில் மின்சாரம் தடைப்பட்டபோது, அதுவரை ஓடியது அனைத்தும் வீணாயிற்று.

அந்தக் கணக்கைச் செய்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள், வரைபட வடிவங்களைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியைப் பயன்படுத்தி, பிஎல்பிஜிஎஸ்கியூஎல் மொழியில் நான் முன்னர் எழுதியிருந்த ஒரு சார்பு, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு சிறு செய்நிரல். இந்த மொழியில் எழுதப்படுவது இயந்திர மொழிக்கு மாற்றப்படுவதில்லை. தரவுத்தளம் அதை வாசித்து வைத்துக்கொண்டு, அழைக்கப்படும் ஒவ்வொரு தடவையும் கூற்றுக் கூற்றாக இயக்குகிறது. என் சார்பு ஒரு துண்டின் இலக்கத்தை வாங்கி, அதன் எல்லையை எடுத்து, வெள்ளப் பல்கோணிகள் ஒவ்வொன்றையும் லூப்பில் சுற்றி, வெட்டும் பரப்பைக் கூட்டி, பின்னர் எல்லா வாய்க்கால்களுக்குமான தூரத்தை அளந்து மிகக் குறைந்ததைத் தெரிந்து, இறுதியில் தரத்தைத் திருப்பித் தரும். ஒருவர் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு வயலைப் பார்ப்பதாக இருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே எழுதியிருந்தேன். வாசிப்பவருக்கு அது தெளிவாக விளங்கும். தரவுத்தளத்துக்கோ அதே கேள்வி 14,000 தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கப்பட்டது போலிருந்தது.

என்னுடன் வேலை செய்த அக்கரைப்பற்றுத் தம்பி, "இத சி மொழியில எழுதினா என்ன, அண்ணன்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கே நேரம் போகிறது என்பதை அறியாமல் மொழியை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இருக்கவில்லை. ஒரு வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, அது எந்தத் திட்டத்தில் நிறைவேற்றியது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளை இந்த இடத்தில் அதிகம் உதவாது. அது ஒரு சார்பை மூடிய பெட்டியாகவே காட்டும், உள்ளே நடப்பதைச் சொல்லாது. அதனால் டிராக்_ஃபங்ஷன்ஸ் என்ற அமைப்பை 'ஆல்' என்று மாற்றி, 50 துண்டுகளுக்கு மட்டும் கணக்கை ஓட்டி, பிஜி_ஸ்டாட்_யூசர்_ஃபங்ஷன்ஸ் என்ற பார்வையைத் திறந்தேன். ஒவ்வொரு சார்பும் எத்தனை தடவை அழைக்கப்பட்டது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது, அதற்குள் தனக்கென எவ்வளவு எடுத்தது என்பதை அது பதிந்து வைத்திருக்கும். 'பிஎல்' என்று மட்டும் அமைத்திருந்தால் என் சார்பின் பெயர் மட்டுமே வந்திருக்கும். 'ஆல்' என்று அமைத்ததால் சி மொழியில் எழுதப்பட்ட போஸ்ட்ஜிஐஎஸ் சார்புகளும் பட்டியலில் வந்தன. அங்கேதான் விடயம் தெரிந்தது. நேரத்தின் மிகப் பெரும் பகுதியை ஆள்கூறுகளை மாற்றும் எஸ்டி_டிரான்ஸ்ஃபோர்ம், வெட்டும் பகுதியை எடுக்கும் எஸ்டி_இன்டர்செக்ஷன், தூரத்தை அளக்கும் எஸ்டி_டிஸ்டன்ஸ் ஆகிய மூன்றும் தின்றிருந்தன. அவை மூன்றும் ஏற்கெனவே சி மொழியில் உள்ளவை. முழுச் சார்பையும் சி மொழியில் எழுதியிருந்தாலும் அந்த மூன்றும் அதே அளவு வேலையைத்தான் செய்திருக்கும். லூப் மெதுவானது என்பது உண்மையே. ஆனால் லூப்புக்குள் நாங்கள் கேட்ட கேள்வி அதைவிடக் கனமானது.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ள வெள்ளப் பல்கோணியைப் பார்க்க வேண்டும். எங்கள் வெள்ள எல்லை சென்டினல்-1 செய்மதியின் ராடர் படத்திலிருந்து வந்தது. ராடர் முகிலை ஊடுருவும், ஆகவே மழைக்காலத்தில் அதைவிட்டால் வேறு நம்பகமான வழி குறைவு. (அந்தச் செய்மதிச் சோடியில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதடைந்துவிட்டதால், ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒரு தடவைதான் படம் கிடைத்தது. எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை இதனால் படத்திலிருந்து பெற முடியவில்லை, வட்டவிதானைகளிடம் கேட்டே எழுதினோம்.) படத்தின் ஒரு பிக்சல் 10 மீற்றர் பக்கமுள்ள சதுரம். அதைப் பல்கோணியாக மாற்றும்போது தண்ணீரின் விளிம்பு முழுவதும் படிக்கட்டுப் போல 10 மீற்றருக்கு 10 மீற்றர் திரும்பித் திரும்பிச் செல்லும், ஒவ்வொரு திருப்பமும் ஓர் உச்சி. சாதாரண நாட்களில் வாவி தனியாகவும் குளங்கள் தனியாகவும் வரும். அந்தக் கிழமையில் வாவியும், அதனை ஒட்டிய வயல்களும், வயல்களுக்கு மேற்கே நிரம்பி வழிந்த தாழ்நிலங்களும் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டதால், படத்தில் அவை அனைத்தும் ஒரே பல்கோணியாயின. அதற்குள் மேட்டு நிலங்களும் ஊர்களும் ஆயிரக்கணக்கான துளைகளாக இருந்தன. அந்த ஒரு பல்கோணியில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான உச்சிகள் இருந்தன.

ஓர் உச்சிக்கு இரண்டு எண்கள், ஓர் எண்ணுக்கு 8 பைட்டு. ஆகவே ஓர் இலட்சம் உச்சிகளுக்கு 16 இலட்சம் பைட்டு. போஸ்ட்கிரெஸ் ஒரு பக்கத்தை 8 கிலோபைட்டாக வைத்திருப்பதால், இவ்வளவு பெரிய பெறுமானத்தை அது அட்டவணைக்குள் வைக்காமல், துண்டு துண்டாக வேறோர் இடத்தில் சேமித்து, கேட்கும்போதெல்லாம் திரட்டித் தரும். 14,000 வயல்களுக்கு 14,000 தடவை அதைத் திரட்டினால் 22 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட தரவு நகர்கிறது. அதிலும் மோசமானது, படம் அகலாங்கு நெட்டாங்கில் இருந்தது, வயல் எல்லைகளோ இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூற்று முறையில், அதாவது 5235 என்ற ஈபிஎஸ்ஜி இலக்கத்தில் இருந்தன. நான் சார்புக்குள்ளேயே வெள்ளப் பல்கோணியை மாற்றிக்கொண்டேன். ஓர் இலட்சம் உச்சிகளை 14,000 தடவை மாற்றுவதென்றால் 140 கோடி ஆள்கூற்று மாற்றங்கள். ஒவ்வொரு தடவையும் விடை ஒன்றே.

தேவையான நிரைகளை விரைவாகத் தேட உதவும் சுட்டி ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். வெள்ள அட்டவணையில் வடிவங்களைத் தேடுவதற்கான ஜிஸ்ட் வகைச் சுட்டி இருந்தது. ஆனால் நான் எல்லா நிரைகளையும் லூப்பில் எடுத்து, ஒவ்வொன்றையும் இஃப் நிபந்தனைக்குள் சோதித்ததால், சுட்டியைப் பயன்படுத்தத் தரவுத்தளத்துக்கு வாய்ப்பே இல்லை. லூப்பை நீக்கியிருந்தாலும் அன்று பெரிய பயன் இருந்திராது. இடஞ்சார் சுட்டி ஒரு வடிவத்தை அதன் உண்மையான உருவத்தால் அறியாது, அதைச் சுற்றி வரையப்படும் செவ்வகத்தால்தான் அறியும். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது, கரையோடு ஒட்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது. சரிந்து கிடக்கும் ஒடுங்கிய உருவத்தைச் சுற்றிச் செவ்வகம் வரைந்தால், அதன் பெரும் பகுதி தண்ணீரே இல்லாத நிலமாகவும் கடலாகவும் இருக்கும். கொக்கட்டிச்சோலையில் உள்ள ஒரு துண்டும் செவ்வகத்துக்குள், வெல்லாவெளியில் உள்ள துண்டும் செவ்வகத்துக்குள், தண்ணீரே எட்டாத மேட்டு வயலும் செவ்வகத்துக்குள். எல்லாத் துண்டுகளுக்கும் சுட்டி "ஆம், இருக்கலாம்" என்றே பதில் சொல்லும். பிறகு ஓர் இலட்சம் உச்சிகளையும் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே முதலில் பல்கோணியை உடைத்தேன். எஸ்டி_சப்டிவைட் என்ற சார்பு ஒரு பெரிய வடிவத்தைக் குறிப்பிட்ட உச்சி எண்ணிக்கைக்கு மேற்படாத சிறு துண்டுகளாக வெட்டித் தரும், நாம் எண்ணிக்கை சொல்லாவிட்டால் 256 என்று எடுத்துக்கொள்ளும். ஆள்கூற்று மாற்றத்தை ஒரே தடவை செய்து, வடிவம் செல்லுபடியானதா என்று சோதித்து, உடைத்து, புதிய அட்டவணையில் வைத்து, அதற்குச் சுட்டி கட்டினேன். இப்போது ஒவ்வொரு சிறு துண்டின் செவ்வகமும் அதன் தண்ணீரை நெருக்கமாகச் சூழ்ந்திருந்தது. பின்னர் லூப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, வயல் அட்டவணையையும் வெள்ள அட்டவணையையும், இரண்டு வடிவங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்கும் எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் நிபந்தனையில் இணைத்து, வெட்டும் பரப்பை வயல் வாரியாகக் கூட்டும் ஒரே வினவலாக எழுதினேன். இரவு முழுவதும் ஓடியும் முடியாத பகுதி சில நிமிடங்களில் முடிந்தது. இந்த வழியில் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடைத்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாததால் பரப்பைக் கூட்டினால் விடை சரியாக வரும். ஆனால் "எத்தனை வெள்ளப் பகுதிகள் இந்த வயலைத் தொட்டன" என்று எண்ணினால், ஒரே வெள்ளம் பல தடவை எண்ணப்படும்.

உடைப்பதற்குப் பதிலாக எல்லையைச் சுருக்கி உச்சிகளைக் குறைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. நான் அதை ஏற்கவில்லை. ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர், அதாவது 40 பிக்சல்கள்தான். கால் ஏக்கர் துண்டுக்கு 10 பிக்சல்கள். அங்கே எல்லையை 20 மீற்றர் அங்குமிங்கும் நகர விட்டால் ஒரு குடும்பத்தின் வயல் முழுவதும் வெள்ளத்துக்கு வெளியே போய்விடக்கூடும். வேகத்துக்காக விடையை மாற்றுவது என்னைப் பொறுத்தவரை கடைசி வழியாகக்கூட இருக்கக்கூடாது.

வாய்க்கால் தூரத்தைச் சரிசெய்வது இலகுவாக இருந்தது. எல்லாத் தூரங்களையும் அளந்து சிறியதை எடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகத் தேடும் லேட்டரல் இணைப்புக்குள் அயல் தேடும் குறியைக் கொண்டு வரிசைப்படுத்தி, முதலாவதை மட்டும் எடுத்தேன். அந்தக் குறி சுட்டியின் வழியாகவே அருகிலுள்ளதிலிருந்து தொடங்கித் தேடும். இன்ன தூரத்துக்குள் ஏதாவது உள்ளதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் எஸ்டி_டிஸ்டன்ஸ் இத்தனை மீற்றருக்குக் குறைவு என்று எழுதாமல் எஸ்டி_டிவிதின் என்று எழுத வேண்டும். முன்னது சுட்டியைத் தொடாது, பின்னது தொடும். அகலாங்கு நெட்டாங்கில் உள்ள சாதாரண ஜியோமெட்ரி வடிவங்களுக்கு இவை இரண்டும் தூரத்தைப் பாகையிலேயே எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. 500 என்று மீற்றரை நினைத்து எழுதினால் அது 500 பாகை, முழு உலகமும் உள்ளே வந்துவிடும்.

தரம் இடும் பகுதி தனிச் சார்பாக இருந்தது. மூழ்கிய பங்கு, நின்ற நாள், வாய்க்கால் தூரம் மூன்றையும் வாங்கி இஃப், எல்ஸ்இஃப் என்று படிப்படியாகச் சென்று ஓர் எழுத்தைத் திருப்பித் தரும். அட்டவணை எதையும் வாசிக்காத இவ்வகைச் சார்பைப் பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதுவதற்குக் காரணமே இல்லை. அதையே வெறும் எஸ்கியூஎல் சார்பாக, ஒரு கேஸ் கூற்றாக எழுதினால், திட்டமிடும் பகுதி அந்தக் கூற்றை எடுத்து அழைக்கும் வினவலுக்குள்ளேயே பதித்துவிடும், சார்பை அழைக்கும் செலவே இல்லாமல் போகும். சார்பை உருவாக்கியவரின் அனுமதியில் இயங்கச் செய்யும் செக்கியூரிட்டி டிஃபைனர் என்று அறிவித்தாலோ, சார்போடு செட் அமைப்பு ஏதும் சேர்த்தாலோ இந்தப் பதித்தல் நடக்காது. மேலும் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு சார்பு வொலட்டைல், அதாவது அழைக்கும்போதெல்லாம் விடை மாறக்கூடியது என்றும், சமாந்தரமாக இயங்கப் பாதுகாப்பற்றது என்றும் எடுத்துக்கொள்ளப்படும். பின்னதனால் அந்தச் சார்பைக் கொண்ட முழு வினவலும் ஒரே செயலியில் ஓட வேண்டியதாகிவிடுகிறது. நான்கு கருக்கள் உள்ள மடிக்கணினியில் மூன்று சும்மா இருந்ததை நான் பல மாதங்கள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் இந்த அறிவிப்புகள் உண்மையாக இருக்க வேண்டும். அவற்றின் வேகத்தைக் கண்ட உற்சாகத்தில், எத்தனை நாள் நின்றால் எந்தத் தரம் என்ற எல்லை நாட்களை ஓர் அட்டவணையிலிருந்து வாசிக்கும் இன்னொரு சார்பையும் இம்யூட்டபிள் என்று அறிவித்துவிட்டேன். ஒருபோதும் மாறாத விடை தரும் சார்பு என்று சொன்னால், தரவுத்தளம் அதை நம்பி, திட்டமிடும்போதே ஒரு தடவை கணித்து அந்த எண்ணைத் திட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும். கள அலுவலர்களுடன் பேசி எல்லை நாளை அட்டவணையில் திருத்திய பின்னரும், திறந்திருந்த அதே இணைப்பில் பழைய எண்ணே வந்துகொண்டிருந்தது. இணைப்பை மூடித் திறந்தபோதுதான் மாறியது. அட்டவணையை வாசிக்கும் சார்புக்கு ஸ்டேபிள், அதாவது ஒரு வினவல் ஓடும்வரை மட்டும் விடை மாறாதது என்பதே எல்லை, அதற்கு மேல் போகக்கூடாது.

பைதன் மொழியில் இருந்த பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராடர் படத்தில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள பிக்சலைத் தண்ணீர் என்று குறிக்கும் செய்நிரல், நிரைக்கு ஒன்று நிரலுக்கு ஒன்றாக இரண்டு ஃபோர் லூப்புகளால் எழுதப்பட்டிருந்தது. மட்டக்களப்பு மாவட்டம் 2,854 சதுர கிலோமீற்றர். ஒரு பிக்சல் 100 சதுர மீற்றர் என்றால் 2 கோடியே 85 இலட்சம் பிக்சல்கள். பைதன் ஒவ்வொரு பிக்சலையும் தனிப் பொருளாக எடுத்து, அதன் வகையைப் பார்த்து, பிறகு ஒப்பிடும். எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தின் அணி ஒன்றில் ஏற்றி, முழு அணியையும் ஒரே ஒப்பீட்டால் சோதித்தபோது, அந்த ஒப்பீடு நொடிக்கணக்கில் முடிந்தது. முந்திய பிக்சலின் விடையைப் பொறுத்து அடுத்தது அமையும் கணக்குகளை அப்படி மாற்ற முடியாது. அங்கே மட்டும் நம்பா என்ற கருவியால் அந்தச் சிறு லூப்பை இயந்திர மொழிக்கு மாற்றினோம். சி மொழி பற்றிய தம்பியின் கேள்விக்கு எங்கள் வேலையில் நேரான பதில் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

இவ்வளவையும் மாற்றும்போது பழைய சார்பை அழிக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் தெரிந்தெடுத்த 200 துண்டுகளுக்குப் பழையதையும் புதியதையும் ஓட்டி, பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு மேல் வேறுபடும் நிரைகளைப் பட்டியலிட்டேன். பட்டியல் வெறுமையாக வரும்வரை அடுத்த மாற்றத்துக்குச் செல்லவில்லை. வேகமான தவறான விடை மெதுவான சரியான விடையைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதைத்தான் முதலில் அச்சிட்டுக் கொடுத்துவிடுவோம்.

இறுதியாக எஞ்சியிருந்தது எக்செப்ஷன் பகுதி. பழைய சார்பின் கணக்கு முழுவதையும் ஒரு பிகின், எக்செப்ஷன் தொகுதிக்குள் வைத்திருந்தேன். எந்த வழு வந்தாலும் வெற்றுப் பெறுமானத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வயலுக்குப் போ என்பது அதன் பொருள். அப்படியான தொகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் வழு வந்தால் அந்த இடத்துக்கே திரும்பிச் செல்வதற்காகத் தரவுத்தளம் ஓர் உபபரிமாற்றத்தைத் தொடங்குகிறது. அதற்குச் செலவு உண்டு. ஒரே வினவலாக எழுதிய புதிய வடிவத்தில் அந்தத் தொகுதிக்கு இடமே இருக்கவில்லை. 200 துண்டுகளில் வராத ஒரு வழு, முழு 14,000 துண்டுகளுக்கும் ஓட்டியபோது வந்து கணக்கை நிறுத்திவிட்டது. ஒரு வயலின் எல்லை தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது என்றது. வடிவம் செல்லுபடியானதா என்று பார்க்கும் எஸ்டி_இஸ்வேலிட் கொண்டு எல்லாத் துண்டுகளையும் சோதித்தபோது, அப்படிப்பட்டவை 60க்கும் மேல் இருந்தன. ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தவர் தொடங்கிய இடத்தைத் தாண்டி நடந்துவிட்டால், அல்லது நடுவில் திரும்பி வந்து விட்டுப்போன மூலையைப் பிடித்தால், எல்லை எட்டு என்ற இலக்கத்தைப் போல முறுகிவிடும். பழைய சார்பு அவற்றை எனக்குச் சொல்லாமலே விட்டுவிட்டிருக்கிறது. முந்திய ஆண்டுப் பட்டியல்களிலும் அவற்றுக்குத் தரம் இல்லை, தரம் இல்லாத நிரையை அறிக்கை காட்டவும் இல்லை.

அப்போதுதான் ஒரு வட்டவிதானை அதற்கு முந்திய ஆண்டு என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. "எங்கட கண்டத்தில மூணு பேர்ர பேர் இல்லியே, மனே?" என்றார். பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள் ஐயா என்று நான் பதில் சொல்லியிருந்தேன். முறுகிய துண்டுகளின் இலக்கங்களை அவருடைய கண்டத்தோடு பொருத்திப் பார்த்தேன். மூன்று இருந்தன.

எஸ்டி_மேக்வேலிட் என்ற சார்பு முறுகிய எல்லையை இலக்கணப்படி திருத்தித் தரும். ஆனால் அந்த எட்டின் எந்தப் பாதி உண்மையான வயல் என்பதை அது அறியாது. அதனால் தரவை உள்வாங்கும் இடத்திலேயே செல்லுபடியாகாத எல்லையை ஏற்காதபடி அட்டவணைக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தோம், ஏற்கெனவே உள்ளவற்றை நேரில் அளப்பது என்று முடிவு செய்தோம். தண்ணீர் வடிந்த பின்னர் ஒரு காலையில் தம்பியும் நானும் வலையிறவுப் பாலத்தைக் கடந்து அந்தக் கண்டத்துக்குப் போய், வட்டவிதானை ஐயாவிடம் என் பழைய பதில் தவறானது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முன்னே நடக்க, மூன்று வயல்களின் வரம்பையும் சுற்றி நடந்து மீண்டும் பதிந்தோம். அன்று மாலை கணக்கை முழுவதுமாக ஓட்டினேன். நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. அந்தக் கண்டத்தின் பட்டியலில் மூன்று பெயர்களும் தத்தமது தரத்தோடு இருந்தன, அவற்றில் இரண்டு மிகக் கடுமையான தரத்தில்.